கூடையில் போடுகிறார்கள், பணம் கட்டும் இடத்தில் காணாமல் போகிறார்கள்: என்ன செய்யலாம்?

பவானித்தறி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பவானியில் ஜமக்காள வியாபாரம் செய்கிறோம். மாமனார் காலத்துக் கடை. கடையில் விற்பதோடு, சொந்தமாக ஓர் இணையதளமும் வைத்திருக்கிறோம். பெரிய விற்பனைத் தளங்களில் சேரவில்லை. அவர்கள் கமிஷன் போக நெய்பவருக்கும் எங்களுக்கும் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

தளத்துக்கு ஆட்கள் வராமல் இல்லை. படம் பார்க்கிறார்கள், அளவு தேர்ந்தெடுக்கிறார்கள், கூடையில் போடுகிறார்கள், முகவரி வரை நிரப்புகிறார்கள். அதோடு சரி. பணம் செலுத்தும் பக்கம் வரை வந்த பத்துப் பேரில் இரண்டு பேர் வாங்கினால் அதுவே பெரிய நாள்.

தளத்தை அமைத்துக் கொடுத்தவர், "வாடிக்கையாளருக்குத் தைரியம் வரவில்லை" என்றார். அவர் சொன்னபடி பூட்டுப் படம், '100% பாதுகாப்பானது' என்ற முத்திரை, கார்டு நிறுவனங்களின் சின்னங்கள் எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டோம். 'இந்த விலை இன்னும் 10 நிமிடங்களுக்கு மட்டுமே' என்று ஓடும் கடிகாரமும் அவர் வைத்ததுதான். எதுவும் அசையவில்லை.

சென்ற வாரம் திருநெல்வேலியிலிருந்து ஓர் அம்மா தொலைபேசியில் அழைத்தார். "ஆறடிக்கு நாலடி ஜமக்காளம் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். பணம் போட்டால் பொருள் வந்துவிடும்தானே?" என்று கேட்டார். அத்தனை முத்திரைகளையும் பார்த்த பிறகுதான் கேட்கிறார்! பேசி முடித்து, பணம் கட்டி, வாங்கிவிட்டார். ஆனால் எல்லோரும் அழைத்துக் கேட்கப் போவதில்லையே.

'பொருள் வந்ததும் பணம்' முறையை முன்பு வைத்திருந்தோம். மூன்று நான்கு கிலோ பார்சல் சென்னை வரை போய், "வேண்டாம்" என்ற ஒரு சொல்லில் திரும்பி வரும். போக வரக் கூலி எங்கள் தலையில். அதனால் நிறுத்திவிட்டோம்.

தளத்தின் முகவரி என் சுயவிவரப் பக்கத்தில் இருக்கிறது. பார்த்துவிட்டு ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லுங்கள்.

---

சுங்குடிக்காரன், சின்னாளப்பட்டி பதில்:

சகோதரி, ஒளிவுமறைவு வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டதால் நேராகவே எழுதுகிறேன். உங்கள் தளத்தில் ஒரு ஜமக்காளத்தைக் கூடையில் போட்டு, செல்பேசியிலேயே கடைசிப் படிவரை போய்ப் பார்த்தேன். சிவப்பும் பச்சையும் கலந்த கோடு, 1,850 ரூபாய். நல்ல படம். மடித்து வைத்த ஓரத்தையும் காட்டியிருக்கிறீர்கள், அது நல்ல வேலை.

'வாங்குக' என்றதும் செல்பேசி எண் கேட்டது. கொடுத்தேன். உடனே ஓடிபி வந்தது. அதை இட்டால்தான் அடுத்த பக்கமாம். இன்னும் விலைக்கணக்கே முழுதாகப் பார்க்கவில்லை, அதற்குள் ஓடிபி! "யாரிடமும் ஓடிபி சொல்லாதீர்கள்" என்று வங்கிகள் நாள்தோறும் குறுஞ்செய்தி அனுப்பிப் பழக்கியிருக்கும் நாடு இது. முதலில் அந்தப் படியை எடுங்கள். கணக்குத் தொடங்காமலே வாங்க வழி விடுங்கள். பார்சல் சேர முகவரியும் எண்ணும் போதும்.

அடுத்து முகவரி. நிரப்பினேன். அதன்பிறகுதான் 'அனுப்பும் கட்டணம் 260' என்று வந்தது. 1,850 என்று நினைத்து வந்தவனுக்கு 2,110. தொகை பெரிதில்லை. ஆனால் முகவரியையும் எண்ணையும் வாங்கிக்கொண்ட பிறகு சொன்னீர்கள் பாருங்கள், அங்கேதான் மனம் முறிகிறது. இன்னும் என்னென்ன ஏறுமோ என்ற எண்ணம் வந்துவிடுகிறது. கூடையை விட்டுப்போவது பற்றித் தொடர்ந்து ஆராய்ந்துவரும் டென்மார்க்கின் பேமார்ட் நிறுவனம், உலக அளவில் சராசரியாகச் சுமார் 70% கூடைகள் கைவிடப்படுகின்றன என்கிறது. சும்மா பார்க்க வந்தவர்களைக் கழித்துவிட்டால், சொல்லப்படும் காரணங்களில் முதலிடம் கடைசியில் ஏறும் கூடுதல் செலவுக்குத்தான். ஆனால் அந்த 70% என்பது கூடையில் போட்ட எல்லோரிலிருந்தும் எண்ணப்படுவது. நீங்கள் சொல்லும் பத்துக்கு இரண்டு, பணம் செலுத்தும் பக்கத்திலிருந்து எண்ணியது. அவ்வளவு தூரம் வந்தவர்கள் போகிறார்கள் என்றால் கோளாறு அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது.

ஜமக்காளத்துக்குக் கூரியர் கட்டணம் ஏன் கூடுகிறது என்பது எனக்குப் புரிகிறது. எடையை மட்டுமா பார்க்கிறார்கள்? நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து, அந்த எண் உண்மை எடையைவிடக் கூடுதலாக இருந்தால் அதற்குக் காசு கேட்கிறார்கள். ஜமக்காளத்தைச் சுருட்டாமல் தட்டையாக மடித்து இறுக்கிக் கட்டுங்கள், அதிலேயே கொஞ்சம் குறையும். மீதியை என்ன செய்வது என்றால், தமிழ்நாட்டுக்குள் ஒரே கட்டணம் வைத்து, அதைப் பொருளின் விலைக்குக் கீழேயே எழுதிவிடுங்கள்: 'தமிழ்நாடு முழுவதும் அனுப்பும் செலவு 200 ரூபாய். வேறு கட்டணம் இல்லை.' வெளிமாநிலத்துக்கு அதே இடத்தில் பின்கோடு கேட்கும் கட்டம் ஒன்று. ஆறு இலக்கம் தட்டினால் கட்டணமும் வந்துசேரும் நாளும் தெரிய வேண்டும். இதை முகவரிக்குப் பிறகு சொன்னால் அதிர்ச்சி, முன்னால் சொன்னால் தகவல்.

இப்போது முக்கியமானதற்கு வருகிறேன். யூபிஐ தேர்ந்தெடுத்தேன். என் செயலி திறந்தது. பணம் பெறுபவர் என்ற இடத்தில் உங்கள் கடைப்பெயர் இல்லை. ஏதோ ஓர் ஆணின் பெயர், இரண்டு முதலெழுத்துகளோடு. உங்கள் மாமனாராக இருக்கலாம், கணக்கு அவர் பெயரில் இருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்? பவானி ஜமக்காளம் வாங்க வந்தவன் முகம் தெரியாத ஒருவருக்கு 2,110 ரூபாய் அனுப்பப் போகிறேன் என்று திரை சொல்கிறது. பணம் அனுப்பும் முன் பெயரைச் சரிபாருங்கள் என்று வங்கியும் காவல்துறையும் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. உங்களிடமிருந்து ஓடுபவர் சந்தேகப்பிராணி அல்லர், சொன்ன பேச்சைக் கேட்பவர். பூட்டுப் படம் உங்கள் பக்கத்தில் இருக்கிறது, பயம் வருவது அவருடைய செயலியில். அங்கே உங்கள் முத்திரை எட்டாது.

இதற்கு இரண்டு வேலை. வாங்குபவரின் பணத்தை உங்கள் கணக்குக்குச் சேர்த்துத் தரும் பேமெண்ட் கேட்வே நிறுவனத்திடம் சொல்லி, தெரியும் பெயரைக் கடைப்பெயராக மாற்றச் சொல்லுங்கள். அது ஆகும்வரை பணம் செலுத்தும் பொத்தானுக்கு மேலே ஒரே வரி: 'உங்கள் செயலியில் இன்னார் என்ற பெயர் தோன்றும். அவர் எங்கள் கடையின் உரிமையாளர்.' முத்திரை வரிசையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைப் போடுங்கள்.

கடிகாரத்தைப் பற்றி. பக்கத்தை மூடித் திறந்தேன், மீண்டும் 10 நிமிடத்திலிருந்து ஓடியது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டாம், வாங்குபவரும் கண்டுபிடிப்பார். தவிர, 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஏமாற்று வடிவமைப்புகள் பற்றிய வழிகாட்டு நெறிகளை அறிவித்தது. மொத்தம் 13 வகை. போலி அவசரம் அதில் ஒன்று. விலையைத் துண்டு துண்டாக வெளிப்படுத்துவதும் ஒன்று. கேட்காமல் கூடையில் பொருள் சேர்ப்பது இன்னொன்று. நல்லவேளை, அது உங்களிடம் இல்லை.

அடிக்குறிப்பில் 'உங்கள் அட்டை விவரங்களைப் பாதுகாப்பாகச் சேமித்து வைக்கிறோம்' என்று இருக்கிறது. யாரோ வெளிநாட்டுத் தளத்திலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறார். 2022 அக்டோபர் 1 முதல் அட்டை எண்ணை வியாபாரிகள் சேமித்து வைக்க ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. 'உங்கள் அட்டை எண் எங்களிடம் வருவதே இல்லை, கேட்வே நிறுவனத்தின் பக்கத்தில்தான் பதிவாகிறது' என்று எழுதுங்கள். உண்மையும் அதுதான், தெம்பும் அதில்தான் இருக்கிறது.

---

மிட்டாய்க்கடை, கோவில்பட்டி பதில்:

அக்கா, பெயர் விஷயத்தைச் சுங்குடி அண்ணன் சரியாகப் பிடித்துவிட்டார். நான் 'பொருள் வந்ததும் பணம்' பற்றி மட்டும் சொல்கிறேன்.

முழுதாக நிறுத்தியது எனக்குச் சரியாகப் படவில்லை. கடலைமிட்டாய் விற்கும் என்னிடம் முதல்முறை வாங்குபவர்களில் பலர் அந்த வசதி இருந்தால்தான் வாங்குகிறார்கள். இரண்டாம் முறை அவர்களே யூபிஐயில் போட்டுவிடுகிறார்கள். பணம் இல்லாமல் கேட்பதில்லை, நம்மைத் தெரியாமல் கேட்கிறார்கள்.

நான் வைத்திருப்பது பாதி வழி. அனுப்பும் செலவை மட்டும் முன்பணமாக யூபிஐயில் வாங்கிக்கொள்கிறேன், பொருளின் விலையை வீட்டு வாசலில் கொடுக்கலாம். உங்களுக்கு 200 என்றால் அந்த 200 மட்டும். விளையாட்டாக ஆர்டர் போடுபவர் அதிலேயே நின்றுவிடுவார். உண்மையாக வேண்டுபவருக்கு 200 ரூபாயை நம்பிக் கொடுப்பது 2,050 கொடுப்பதைவிட எளிது. பார்சல் திரும்பினாலும் போன கூலியாவது கையில் இருக்கும்.

ஆர்டர் வந்ததும் அழைத்துப் பேசுவேன். "நாளை கட்டுகிறோம், வியாழன் அன்று வரும், வீட்டில் ஆள் இருப்பார்களா?" இவ்வளவுதான். எடுக்காதவருக்கு அனுப்புவதில்லை. பார்சலைக் கட்டி, முகவரி ஒட்டிய பிறகு ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். தன் பெயர் எழுதிய பெட்டியைப் பார்த்துவிட்டவர் அதன்பிறகு "வேண்டாம்" என்று திருப்பியது அரிது.

---

சுங்குடிக்காரன், சின்னாளப்பட்டி பதில்:

தங்கச்சி சொல்லும் முன்பண முறை ஜமக்காளத்துக்குப் பொருந்தும். ஆனால் அதையே முதல் வழியாகக் காட்டாதீர்கள். முழுப்பணம் மேலே, முன்பணம் கீழே. மேலே போட்டால் முழுப்பணம் கட்ட வந்தவரும் அதற்குத் தாவிவிடுவார். கூரியர்காரரிடமிருந்து வசூல் பணம் நம் கணக்குக்கு வருவதற்குள் நூல்காரர் வாசலில் வந்து நிற்பார்.

---

ஓய்வுபெற்ற காசாளர், கும்பகோணம் பதில்:

நான் விற்பவன் அல்லன், வாங்குபவன். வங்கிக் கவுன்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கூடையை விட்டுப் போகிறவர்களில் நானும் ஒருவன் என்பதால் எங்கள் தரப்பையும் கேளுங்கள்.

அம்மா, உங்கள் தளத்தில் நான் முதலில் தேடியது 'திருப்பி அனுப்பும் விதி'. ஆங்கிலத்தில் நான்கு பத்தி இருக்கிறது. பொருளின் விவரமெல்லாம் அழகான தமிழில், என் பணத்தைப் பற்றிய பகுதி மட்டும் ஆங்கிலத்தில். அதிலும் 'நிறுவனத்தின் முடிவே இறுதியானது' என்ற பொருளில் ஒரு வாக்கியம். அதைப் படித்தவுடன் நான் பக்கத்தை மூடிவிட்டேன். முடிவு உங்களுடையது என்றால் பணமும் உங்களுடையதாகிவிடும் அல்லவா?

எனக்குத் தெரிய வேண்டியது கொஞ்சம்தான். நிறம் படத்தில் இருப்பதுபோல் இல்லையென்றால் எடுத்துக்கொள்வீர்களா? எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும்? திருப்பி அனுப்பும் கூலி யாருடையது? பணம் எந்த வழியில், எப்போது திரும்பும்? முதல் துவையலில் சாயம் போனால் என்ன? கடையில் நீங்கள் வாயால் சொல்வதை அப்படியே எழுதுங்கள். 'பிரித்துப் பார்த்துப் பிடிக்கவில்லையென்றால் 7 நாளுக்குள் அழையுங்கள். விரிக்காத, துவைக்காத ஜமக்காளத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம். நெசவுக் குறை என்றால் திருப்பும் கூலி எங்களுடையது, நிறம் பிடிக்கவில்லை என்றால் உங்களுடையது.' கூலியை நான் தர வேண்டும் என்று எழுதினால் ஓடிவிடுவேன் என்று அஞ்சாதீர்கள். தெளிவாகச் சொன்ன நிபந்தனை எனக்குச் சம்மதம்.

இந்த விதியின் சாரம் பணம் செலுத்தும் பொத்தானுக்கு அருகே ஒற்றை வரியில் இருக்க வேண்டும். அடிக்குறிப்பில் தேடிப்போய்ப் படிக்க என் வயதில் பொறுமை உண்டு, மற்றவர்களுக்கு இல்லை.

இன்னொன்று, நீங்கள் யாருமே தொடாதது. பணம் கணக்கிலிருந்து போய்விட்டது, ஆனால் தளத்தில் 'தோல்வி' என்று வருகிறது. இது நடக்காத நாள் இல்லை. உங்கள் தோல்விப் பக்கம் 'மீண்டும் முயலவும்' என்று மட்டும் சொல்கிறது. ஒருமுறை போன பணம் என்ன ஆயிற்று என்று தெரியாமல் யார் மறுபடி அனுப்புவார்? ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் இதற்கு விதி வகுத்திருக்கிறது. கணக்கில் பிடித்தமாகி வியாபாரிக்கு உறுதி வராத பணம், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, வாடிக்கையாளர் கேட்காமலே வரவு வைக்கப்பட வேண்டும். கவுன்டரில் இதை எத்தனையோ பேருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். சொன்னதும் அவர்கள் முகத்தில் தெரியும் நிம்மதியை வேறெதிலும் கண்டதில்லை. அந்தத் தகவலைத் தோல்விப் பக்கத்தில் போடுங்கள். கூடவே ஆர்டர் எண்ணும், உங்கள் தொலைபேசி எண்ணும், 'மறுபடி செலுத்தும் முன் எங்களை அழையுங்கள், பணம் வந்ததா என்று பார்த்துச் சொல்கிறோம்' என்ற வரியும்.

குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பும் தளத்தில் இருக்க வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதி. புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். உங்களிடம் வெறும் மின்னஞ்சல் படிவம்தான் இருக்கிறது. வீட்டில் யாராவது ஒருவர் பெயரைப் போடுங்கள், தவறில்லை. கடையின் கதவிலக்கமும் தெருவும் போடுங்கள். பவானியில் உறவுக்காரர் இருந்தால் போய்ப் பார்த்துவரச் சொல்வேன், அதற்காகவாவது.

---

பவானித்தறி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. காசாளர் ஐயா, நீங்கள் எழுதிக் கொடுத்த விதியைக் கிட்டத்தட்ட அப்படியே எடுத்துக்கொண்டேன். கூட ஒன்று சேர்த்தேன்: 'அடர்சிவப்பும் கருநீலமும் முதல் துவையலில் கொஞ்சம் சாயம் விடும், தனியாக அலசுங்கள்.' தளம் அமைத்தவர் இதை எழுதினால் விற்பனை விழும் என்றார். கடையில் எல்லோரிடமும் சொல்லித்தானே விற்கிறோம்?

கடிகாரமும் முத்திரைகளும் போய்விட்டன. ஓடிபியும் போய்விட்டது. அனுப்பும் செலவு இப்போது விலைக்குக் கீழேயே இருக்கிறது. செயலியில் தெரிவது மாமனார் பெயர்தான். சுங்குடி அண்ணன் சொன்ன வரியோடு, அவர் கடை வாசலில் நிற்கும் படத்தையும் சிறிதாகப் போட்டோம். "என் படத்தைப் பார்த்து யார் ஜமக்காளம் வாங்குவார்கள்?" என்று கூச்சப்பட்டார். ஆனால் வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டுதான் வந்து நின்றார்.

முன்பண முறையை இன்னும் தொடங்கவில்லை. கூரியர் நிறுவனத்தோடு பேச வேண்டும்.

வாங்குபவர்கள் கூடியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் ஆடி போய் ஆவணி வந்துவிட்டது, கல்யாணச் சீருக்குக் கேட்பவர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். அதனால் எது எதனால் என்று இப்போதே சொல்லமாட்டேன். தெளிவாகத் தெரிவது ஒன்று. "பணம் போட்டால் வருமா" என்ற அழைப்புகள் குறைந்துவிட்டன. இப்போது அழைப்பவர்கள் "ஒன்பதடிக்கு ஆறடியில் பச்சை இருக்கிறதா" என்கிறார்கள், "இது கைத்தறிதானா, விசைத்தறியா" என்கிறார்கள். இந்த இரண்டாவது கேள்விக்கு என்ன செய்வது? ஜமக்காளம் 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி கைத்தறிக்கென்று ஒதுக்கப்பட்டது, பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. ஆனாலும் விசைத்தறியில் ஓட்டி 'பவானி' என்று விற்பவர்களால் எங்களையும் சந்தேகிக்கிறார்கள். இதையும் பணம் செலுத்தும் பக்கத்திலேயே போடலாமா?

அத்தோடு, கேட்வே நிறுவனம் பெயர் மாற்றத்துக்குக் கடைப்பெயருள்ள ஆவணம் கேட்கிறது. வங்கிக் கணக்கு மாமனார் பெயரில்தான் இருக்கிறது.

---

சுங்குடிக்காரன், சின்னாளப்பட்டி பதில்:

ஆவணத்துக்கு ஜிஎஸ்டி பதிவுச் சான்றைப் பாருங்கள். அதில் சட்டப்படியான பெயர் ஒன்று, வணிகப் பெயர் ஒன்று என்று இரண்டு இடம் உண்டு. வணிகப் பெயரில் கடைப்பெயர் இருந்தால் அதையே கொடுத்துப் பாருங்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. அங்கும் மாமனார் பெயர்தான் என்றால் திருத்தத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

கைத்தறியா என்ற கேள்வியைப் பணம் செலுத்தும் பக்கத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். அது பொருளைப் பார்க்கும்போதே தீர வேண்டிய சந்தேகம். அந்தக் கேள்வியோடு யாரும் முகவரி நிரப்ப மாட்டார்கள். பொருளின் பக்கத்தில் தறியில் அந்தக் கோடு விழும் காட்சியை அரை நிமிடம் காணொளியாகப் போடுங்கள், குழியில் கால் மிதிப்பது தெரியட்டும். கைத்தறி முத்திரை வாங்கியிருந்தால் அந்தச் சீட்டையும் ஜமக்காளத்தின் மேல் வைத்துப் படமெடுத்துப் போடுங்கள். பணம் செலுத்தும் பக்கத்தில் மொத்தத் தொகை, வரும் நாள், திருப்பும் விதி, பெயர், தொலைபேசி எண் இவ்வளவும் இருந்தால் போதும். இடம் மிச்சமிருக்கிறதே என்று எதையாவது சேர்க்காதீர்கள். சேர்க்கச் சேர்க்கப் படிக்க ஆரம்பிப்பார்கள், படிக்க ஆரம்பித்தால் யோசிக்க ஆரம்பிப்பார்கள்.

---

மிட்டாய்க்கடை, கோவில்பட்டி பதில்:

அக்கா, ஒன்பதுக்கு ஆறு பச்சை உண்மையிலேயே இருக்கிறதா? கடைக்கு வேண்டும். 628501-க்கு எப்போது வரும் என்று உங்கள் கட்டத்தில் தட்டினால் நாள் காட்டுகிறது, ஆனால் ஞாயிற்றுக்கிழமையைக் காட்டுகிறது. இங்கே ஞாயிறன்று கூரியர் வராது. அதை மட்டும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.